கிம்ப், மாயாவி, அப்புறம் ஒரு பன்னிரண்டு வார அட்டவணை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலைவெச்சே படுக்கலை. இன்னிக்கு அதுக்கெல்லாம் சேர்த்து ஒரு நீளப் பதிவு, அதுவும் வரலாற்றுப் பதிவு. வரலாறுன்னதும் சோழர், பாண்டியர்னு ஆசையா வந்தவங்க கோவிச்சுக்காதீங்க. நடுவுல ஒரு குடைவரைக் கோயில் வரும். மத்தபடி இது முழுக்கப் பொட்டி தட்டுறவங்க வரலாறு.

கேள்வி ரொம்ப எளிமை. காலேஜ்ல படிச்சுக்கிட்டே ஒரு பையனோ பொண்ணோ ஓப்பன் சோர்ஸ்ல ஒரு கிராஃபிக்ஸ் வேலையை எடுத்தா, அது முடிய எவ்வளவு நாள் ஆகும்? கிராஃபிக்ஸ்னா போஸ்டர் டிசைன் பண்றது இல்லை. போஸ்டர் டிசைன் பண்ற மென்பொருளை எழுதறது. திரையில ஒரு முக்கோணம் தெரியறதுக்கு அடியில நடக்குற அத்தனை கூத்தும்.

எல்லாரும் சொல்ற பதில் பன்னிரண்டு வாரம். அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னால பாப்போம். அதுக்கு முன்னாடி, யாரும் கெடு வைக்காத காலத்துல மாணவர்கள் செஞ்ச வேலைங்க எவ்வளவு நாள் எடுத்துச்சுன்னு பாத்துடலாம்.

முதல்ல கிம்ப். நம்மள்ல பாதிப் பேர் பதிவுக்கு மேல போடுற பேனர் இதுல செஞ்சதுதான். (மீதிப் பாதி பேர் போட்டோஷாப் எங்க வாங்குனாங்கன்னு நான் கேக்க மாட்டேன்.) 1995-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ்னு ரெண்டு மாணவர்கள். கம்பைலர் வகுப்புக்கு லிஸ்ப் மொழியில ஒரு புராஜெக்ட் எழுதிக்கிட்டு இருந்தவங்க, தூக்கமில்லாம அது வெறுத்துப்போய், படங்களைத் திருத்துற ஒரு மென்பொருளை எழுத உக்காந்துட்டாங்க. செமஸ்டர் புராஜெக்டை ஓரங்கட்டிட்டு வேற எதையோ எழுதறது நமக்குப் புதுசு இல்லை. ஆனா இவங்க எழுதினது உருப்பட்டுச்சு. 1995 ஜூலை கடைசியில மேட்டிஸ் யூஸ்நெட்ல வந்து, படம் திருத்துற மென்பொருள்ல உங்களுக்கெல்லாம் என்னென்ன வேணும்னு கேட்டார். 1996 தொடக்கத்துல 0.54-ங்கிற முதல் பொது பீட்டா வந்துடுச்சு. கேள்வி கேட்ட நாள்ல இருந்து கணக்குப் போட்டா ஆறேழு மாசம்.

இதுவரைக்கும் கதை ஜோரா இருக்கு இல்ல? இதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச இடம். 0.54 மோட்டிஃப்ங்கிற டூல்கிட்டை நம்பி இருந்துச்சு. பட்டன், மெனு, ஜன்னல் எல்லாம் போட்டுக் குடுக்குற சாமான் அது. மோட்டிஃப் அப்போ காசு குடுத்து வாங்கணும். லினக்ஸ் வெச்சிருந்த மாணவர்கள்கிட்ட அதுக்கு எங்க காசு? மென்பொருள் இலவசம், அதை கம்பைல் பண்ணத்தான் காசுங்கிற மாதிரி ஆயிடுச்சு. மேட்டிஸ் உக்காந்து சொந்தமா ஒரு டூல்கிட் எழுத ஆரம்பிச்சார். கிம்ப் டூல்கிட், சுருக்கமா ஜி.டி.கே. படம் திருத்துற மென்பொருளுக்கு அட்டவணை போட்ட யாரும் ‘நடுவுல ஒரு டூல்கிட் எழுதவும்’னு ஒரு வரி போட்டிருக்க மாட்டாங்க. ஆனா இன்னிக்குத் திரும்பிப் பாத்தா கிம்ப்பை விடப் பெரிசா பரவினது அந்த வரிதான். 1997 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச க்னோம் டெஸ்க்டாப் ஜி.டி.கே. மேலதான் கட்டப்பட்டுச்சு.

கிம்ப் 1.0 வந்தது 1998 ஜூன்ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1997-ல், ரெண்டு பேரும் படிப்பு முடிச்சு வேலைக்குப் போயாச்சு. யார்கிட்டயும் சாவியைக் குடுத்துட்டுப் போகலை. பயன்படுத்திக்கிட்டு இருந்தவங்கள்லயே சில பேர் கொஞ்ச நாள் திருதிருன்னு முழிச்சுட்டு, அப்புறம் தாங்களே எடுத்து முடிச்சாங்க. (கிம்பாலும் மேட்டிஸும் ரொம்ப நாள் கழிச்சு, 2015-ல், காக்ரோச் லேப்ஸ்னு ஒரு டேட்டாபேஸ் கம்பெனி ஆரம்பிச்சவங்கள்ல ரெண்டு பேர். பேர் வெக்கிறதுல ரசனை மாறவே இல்லை.) ஆக, ஒரு புராஜெக்ட். ஆறேழு மாசத்துல காட்டுற நிலைமை, மூணு வருஷத்துல 1.0, நடுவுல எழுதினவங்களே காணோம். இதை மனசுல வெச்சுக்கங்க.

மீசா கதையும் சுருக்கமா சொல்லிடறேன். லினக்ஸ்ல முப்பரிமாணமா எதைப் பாத்தாலும் பெரும்பாலும் அதுக்குக் கீழ மீசாதான் ஓடுது. பிரையன் பால்ங்கிறவர் 1993 ஆகஸ்ட்ல ஓய்வு நேரத்துல எழுத ஆரம்பிச்சார். அப்போ அதுக்குப் பேர்கூட இல்லை. 1994 நவம்பர்ல சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனிக்கு எழுதி, உங்க ஓப்பன்ஜிஎல் மாதிரி ஒண்ணு எழுதியிருக்கேன், இணையத்துல போடலாமான்னு அனுமதி கேட்டார். 1.0 வந்தது 1995 பிப்ரவரி. 18 மாசம். அவர் மாணவர் இல்லை, 1991-ல் இருந்தே ஐரிஸ் ஜிஎல்ல எழுதிப் பழகினவர். துறை தெரிஞ்ச ஆளுக்கே ஓய்வு நேர வேலையா 18 மாசம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோவில்ல பீச் லோக்கல் ஏறி, கிண்டியில இறங்கி பஸ் புடிச்சா சென்னை ஐஐடி. உள்ள கஜேந்திரா சர்க்கிள் பக்கத்துல ஏரோஸ்பேஸ் துறை. சென்னை லினக்ஸ் குழு, அதாவது 1998-ல் தொடங்கின ஐ.எல்.யூ.ஜி.சி., பல வருஷம் மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை கூடினது அந்தத் துறையோட மூணாம் நம்பர் வகுப்பறையிலதான். காலேஜ் படிக்கிறப்போ நானும் போயிருக்கேன். விமானம் படிக்கிற இடத்துல லினக்ஸ் எதுக்குன்னு அப்போ யோசிச்சது உண்டு. அதே துறையில இருந்துதான் மாயாவி வந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

பிரபு ராமச்சந்திரன் அங்க பிஎச்டி மாணவர். பாய்ம இயக்கவியல் ஆராய்ச்சி. காத்து ஒரு தடுப்பைத் தாண்டிப் போறப்போ எப்படிச் சுழலுதுங்கிற மாதிரியான விஷயங்களைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற துறை. கணக்குப் போட்டு முடிச்சதும் கையில இருக்குறது லட்சக்கணக்கான எண்கள். எண்ணை வெச்சு சுழலைப் பாக்க முடியாது, படமா வரையணும். அதுக்கு அவர் எழுதினது மாயாவி. சமஸ்கிருதத்துல மந்திரவாதின்னு அர்த்தம், நமக்கும் புரியும், மாயாவி மாயமா மறைஞ்சான்னு கதை கேட்டு வளர்ந்தவங்கதானே. 2001 ஆகஸ்ட்ல இந்திய விமானவியல் கழகத்தோட நாலாவது சி.எஃப்.டி. கருத்தரங்குல அதைப் பத்திக் கட்டுரை படிச்சார். சோர்ஸ்ஃபோர்ஜ்ல யார் வேணா இறக்கிக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டியது அவர் எதை எழுதலைங்கிறது. முப்பரிமாணப் படம் வரையுற எந்திரத்தை அவர் எழுதலை. அது வி.டி.கே.ங்கிற பேர்ல ஏற்கெனவே இருந்துச்சு. ஜெனரல் எலக்ட்ரிக்ல வேலை பாத்த மூணு பேர் 1993-ல் ஒரு பாடப் புத்தகத்தோட சேர்த்துக் குடுக்க ஆரம்பிச்சது அது. என்ன, அதை வெச்சு ஒரு படம் பாக்கணும்னா நீங்களே புரொகிராம் எழுதணும். மாயாவி அது மேல ஒரு ஜன்னலும் நாலு மெனுவும் போட்டு, ஃபைலைத் திற, சுழலைப் பாருன்னு ஆக்கிச்சு. மொழி பைத்தான், ஜன்னலுக்கு டிகின்டர். ரெண்டும் ஏற்கெனவே இருந்த சாமான்தான். ஆராய்ச்சிப் படிப்புக்கு நடுவுல ஒரு மாணவர் வெளியுலகம் பயன்படுத்துற மாதிரி ஒண்ணைச் செஞ்சு முடிச்சாருன்னா, எங்க நிறுத்திக்கணும்னு தெரிஞ்சது அதுல பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா அதுவும் முடிஞ்சு போகலை. 2000-களின் மத்தியில அமெரிக்காவுல டெக்சஸ்ல இருக்குற என்தாட் கம்பெனியோட சேர்ந்து மாயாவி 2-ன்னு அடியில இருந்து திரும்ப எழுதினார். வி.டி.கே.யைப் பைத்தான்காரங்களுக்குப் பழகின மாதிரி ஆக்குற டி.வி.டி.கே.ன்னு ஒரு அடுக்கு அதுக்குன்னே உருவாச்சு. பிரான்ஸ்ல இருந்து கேல் வரோக்கோ சேர்ந்துக்கிட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின, இன்னிக்கு எல்லாரும் மேற்கோள் காட்டுற கட்டுரை வந்தது 2011-ல். பிரபு அதுக்குள்ள மும்பை ஐஐடியில பேராசிரியர். 2020-களிலும் மாயாவிக்குப் புது வெளியீடுகள் வந்திருக்கு. கருத்தரங்குல காட்டுன 2001-க்கும் கட்டுரை வந்த 2011-க்கும் நடுவுல பத்து வருஷம்.

சரி, அந்தப் பன்னிரண்டு வாரம் எங்கிருந்து வந்துச்சு?

2005 ஜூன்ல கூகுள் ஒரு திட்டத்தை அறிவிச்சுது. சம்மர் ஆஃப் கோட். கோடை விடுமுறையில ஓப்பன் சோர்ஸ் வேலை செஞ்சு முடிக்கிற மாணவனுக்கு 4500 டாலர், வழிகாட்டுற அமைப்புக்கு 500 டாலர். 200 பேரை எடுக்கறதா திட்டம், எட்டாயிரத்துச் சொச்சம் விண்ணப்பம் குவிஞ்சதுல 400 பேருக்கு மேல எடுத்தாங்க. லீவுல பர்கர் கடையில வேலைக்குப் போறதுக்குப் பதிலா இதைச் செய்யுங்கன்னு அவங்க விளம்பரமே இருந்துச்சு. அதுலயே விஷயம் தெரியுது பாருங்க. மே கடைசியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் லீவு விடுற, அந்த லீவுல பர்கர் கடைக்குப் போற ஊரோட காலண்டர் அது. முதல் வருஷம் ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேல, அப்புறம் பல வருஷம் பன்னிரண்டு வாரத்தை ஒட்டி நின்னுச்சு. வாரம் 30, 40 மணி நேரம் வேலை செய்வீங்கன்னு எதிர்பார்ப்பு.

அதே 2005-ல் நம்ம லைன்ல, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல இருக்குற ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து என்.ஆர்.சி.ஃபாஸ்னு ஒரு தேசிய மையம் ஆரம்பிச்சாங்க. ஓப்பன் சோர்ஸை அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல விருப்பப் பாடமா கொண்டுவந்தது அவங்க வேலை. பாடம் வந்துச்சு, பரீட்சை வந்துச்சு. ஆனா மாணவன் செய்யுற ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு செமஸ்டர் காலண்டர்ல ஒரு இடம் வரலை.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலண்டர் உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே மாசம் செமஸ்டர் பரீட்சை. ஜூன்ல லீவு. ஜூலையிலயோ ஆகஸ்ட்லயோ அடுத்த செமஸ்டர், காலேஜுக்கு காலேஜ் மாறும். நவம்பர், டிசம்பர் அடுத்த பரீட்சை. அமெரிக்கக்காரன் மூணு மாசம் முழு நேரமா வேலை செய்யுற காலத்துல நம்ம பையனுக்கு ஒரு மாசம் லீவு, மீதி ரெண்டு மாசம் லேப் ரெக்கார்டு. இதையும் மீறி இந்திய மாணவர்கள் வருஷா வருஷம் பெரிய எண்ணிக்கையில போறாங்க. முதல் பத்து வருஷத்துல உலகத்துலயே அதிகம் பேரை அனுப்பின பல்கலைக்கழகம் கொழும்புக்குப் பக்கத்துல இருக்குற மொறட்டுவை. முடியாதுன்னு சொல்லலை. யாரோட காலண்டர்ல கணக்குப் போடுறோம்ங்கிறதுதான் என் கேள்வி.

இந்த வரலாற்றை எல்லாம் நான் தோண்டக் காரணம் எங்க சித்தி பையன். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு, மூணாவது வருஷம் படிக்கிறான். போன மாசம் ஞாயித்துக்கிழமை ஒரு அட்டவணையோட வந்தான். “அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க, அடுத்த வாரம் அனுப்பணும்”னான். லினக்ஸ் கர்னல் கிராஃபிக்ஸ் பக்கம் ஒரு வேலை. முதல் வாரம் கோட் படிப்பது, ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் முதல் அம்சம், ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் ரெண்டாவது, பத்து பதினொண்ணு சோதனை, பன்னிரண்டு ஆவணம். கோடு போட்ட நோட்டு மாதிரி அழகா இருந்துச்சு. பணயம் சின்னது இல்லை. சித்தப்பா அந்த லீவுல அவனை பிளேஸ்மென்ட் பயிற்சிக்குச் சேர்க்கப் பணம் கட்ட இருந்தார். அதை நிறுத்தி வெச்சுட்டுத்தான் இவன் இதைக் கேக்குறான். நடுவுல மதிப்பீட்டுல தோத்தா மீதிப் பணம் வராது, பயிற்சியும் போச்சு, நவம்பர்ல அரியர் விழுந்தா கம்பெனிக்காரன் வாசல்லயே நிறுத்துவான்.

“இதுல ஜூலை எங்கடா?”ன்னேன். முழிச்சான்.

ரெண்டு பேரும் பேப்பர்ல கணக்குப் போட்டோம். காலேஜ் பஸ்ல போய்ட்டு வந்து குளிச்சுச் சாப்பிட்டு உக்காந்தா ராத்திரி ரெண்டு மணி நேரம் உருப்படியா கிடைக்கும். வாரத்துல அஞ்சு நாள்னா 10. சனி, ஞாயிறு சேர்த்து 6. வாரத்துக்கு 16 மணி நேரம். கூகுள் திட்டத்துல 2021-ல் எல்லா வேலையையும் 175 மணி நேரமா பாதியாக்கினாங்க. 2022-ல் 175, 350-ன்னு ரெண்டு அளவு வெச்சு, 22 வாரம் வரைக்கும் நீட்டிக்கலாம்னும் மாணவர் இல்லாதவங்களும் வரலாம்னும் மாத்தினாங்க. 2024-ல் 90 மணி நேர அளவும் வந்துச்சு. 17 வருஷம் கழிச்சாவது பர்கர் கடைக் காலண்டரை விட்டு இறங்கி வந்தாங்களேன்னு எனக்கு சந்தோஷம்தான். 16 மணி நேரக் கணக்குல 175-க்கு 11 வாரம். 350-க்கு 22 வாரம். ஜூன் ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சா 22 வாரம் முடியறது நவம்பர் தொடக்கத்துல. பரீட்சை. இதுல இன்டர்னல் டெஸ்ட் வாரங்களைக் கழிக்கலை, தீபாவளியைக் கழிக்கலை, மழையைக் கழிக்கலை.

மழையைச் சும்மா சொல்லலை. 2015 டிசம்பர்ல நான் ரெண்டாவது வருஷம். முடிச்சூர், தாம்பரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி, கரண்டு இல்லை, செல் டவர் இல்லை, செமஸ்டர் பரீட்சையையே தள்ளி வெச்சாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் சென்னையைச் சுத்தி அதே கதை. ஐப்பசி, கார்த்திகையில செங்கல்பட்டு மாவட்டத்துல உக்காந்து ஒரு கெடுவை ஒத்துக்கறவன் மழைக்கு ரெண்டு வாரம் எழுதி வெக்கணும். ஐரோப்பாவுல இருக்குற வழிகாட்டிக்கு அது தெரியாது, நாமதான் சொல்லணும்.

ஆனா நேரக் கணக்கு பாதிதான். கிராஃபிக்ஸ் வேலைக்குன்னு ஒரு தனிக் குணம் இருக்கு. மத்த புரொகிராம்ல தப்பு நடந்தா ஏதாவது ஒரு செய்தி வரும், எத்தனாவது வரின்னு சொல்லும். கிராஃபிக்ஸ்ல தப்பு நடந்தா கறுப்புத் திரை வரும். கேமரா பின்பக்கம் திரும்பியிருக்கா, முக்கோணத்தோட மூணு முனையையும் தப்பான வரிசையில குடுத்துட்டோமா, டிரைவர்ல பிரச்சினையா, எல்லாத்துக்கும் அதே கறுப்புதான். காலேஜ் லேப்ல டர்போ சியில வட்டம் போட்டவங்களுக்கு இது புரியாது, அங்க குறைஞ்சபட்சம் ஒரு புள்ளியாவது வரும். இவன் அட்டவணையில ‘கோட் படிப்பது: ஒரு வாரம்’னு இருந்துச்சு இல்ல, அந்த வரியைப் பாத்ததும் எனக்கு எங்க ஊர்க் கோயில் ஞாபகம் வந்துச்சு.

வந்தவங்களுக்குத் தெரியும். பாடலாத்ரி நரசிம்மர் இருக்குறது மலையைக் குடைஞ்ச சன்னிதி. பல்லவர் காலத்துக் குடைவரைன்னு சொல்வாங்க. மூலவரே பாறையோட பாறையா இருக்கார், பின்னால போக வழி கிடையாது. பெருமாளை மட்டும் ஒரு சுத்து சுத்தணும்னா மலையையே சுத்தி வரணும். பெரிய பழைய கோட்ல ஒரு சின்ன அம்சம் சேர்க்குறதும் அதே கதை. மாத்துறது நாப்பது வரியா இருக்கும். அது எங்கிருந்து கூப்பிடப்படுது, யார் நினைவகத்தை விடுவிக்கிறாங்க, எந்த டிரைவர் அதை நம்பி இருக்குன்னு சுத்தி வர மூணு வாரம் ஆகும். கிம்ப் பையன்கள் தங்களோட மலையைத் தாங்களே கட்டினாங்க, அதனால சுத்தத் தேவையில்லை. அப்பவும் மூணு வருஷம்.

இப்போ ஒரு பக்கத்து உதாரணம். வி.கே.எம்.எஸ்.னு லினக்ஸ் கர்னல்ல ஒரு டிரைவர் இருக்கு. நிஜமான மானிட்டரோ கிராஃபிக்ஸ் கார்டோ இல்லாமலே, இருக்குற மாதிரி பாவனை பண்ணும். சோதனை ஓட்ட உதவும். கையில வெறும் லேப்டாப் இருக்குற மாணவனுக்கு இதை விட நல்ல வேலை கிடையாது, ஒரு வெர்ச்சுவல் மெஷின் போதும். இதைத் தொடங்கினது 2018-ல் ரெண்டு பேர். அவுட்ரீச்சி திட்டத்துல வந்த ஹனீன் முகமது, சம்மர் ஆஃப் கோட்ல வந்த பிரேசில்காரர் ரோட்ரிகோ சிகேரா. ரெண்டு பேர், ஒரு கோடை. முடிவுல வந்தது ஒரு எலும்புக்கூடு: ஒரே ஒரு திரை, ஒரே ஒரு பட அடுக்கு, திரை புதுப்பிக்கிற துடிப்பை டைமர் வெச்சுப் பாவனை பண்றது. அவ்வளவுதான். 2018 அக்டோபர்ல வந்த லினக்ஸ் 4.19-ல் சேர்ந்துடுச்சு. மீதியில பலதும் அப்புறம் வந்தவங்க, மாணவர்களும் சேர்த்து, வருஷா வருஷம் துண்டு துண்டா சேர்த்தது. 2020-ல் சம்மர் ஆஃப் கோட் வழியா வந்த மெலிசா வென் பின்னால அதைப் பராமரிக்கிறவங்கள்ல ஒருத்தர் ஆனாங்க.

இதுல ஒரு தேதி ஒளிஞ்சிருக்கு. கர்னல்ல ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒன்பது, பத்து வாரம். கிராஃபிக்ஸ் பகுதியில புது அம்சம் வரணும்னா, முந்தின வெளியீட்டோட ஆறாவது சோதனைப் பதிப்பு வாக்குல கதவை மூடிடுவாங்க. 4.19-க்கு அந்தக் கதவு மூடுனது ஜூலை கடைசி. அதாவது மே மாசம் ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிக்கிற வேலைக்கு உண்மையான கெடு ஜூலை. அதைத் தவறவிட்டா அடுத்த பஸ் ரெண்டு மாசம் கழிச்சு. மாணவர்கள் எழுதுற அட்டவணையில இந்தத் தேதியை நான் பாத்ததே இல்லை. எடுக்குற புராஜெக்டோட வெளியீட்டு காலண்டரைத் தேடிப் பாத்து, முதல்ல அதைச் சுவத்துல ஒட்டணும். அப்புறம்தான் வார வாரக் கணக்கு.

தாமதம் எல்லாமே தோல்வின்னும் நினைக்காதீங்க. 2008-ல் யூனஸ் மேன்டன்ங்கிற மாணவர் எக்ஸ்.ஆர்க் அமைப்புக்காக சம்மர் ஆஃப் கோட்ல வீடியோவை கிராஃபிக்ஸ் கார்டு வழியா பிரிக்கிற வேலையை எடுத்தார். பழைய எம்பெக்-2 வடிவத்துல ஒரு பகுதியோட ஆரம்பிச்சது அது. அந்த விதையைக் கிறிஸ்டியன் கோனிக் எடுத்து வளர்த்து, மீசாவோட முக்கியக் கிளையில சேர்ந்தது 2011-ல். மூணு வருஷம். மறுபடியும் அதே மூணு!

சித்தி பையன் அட்டவணைக்கு வரேன். ரெண்டாவது அம்சத்தை முழுசா அடிச்சோம். 350-ல இருந்து 175-க்கு இறக்கினோம். ஜூன் லீவுல வாரம் 30 மணி நேரம், நாலு வாரத்துல 120. மீதி 55 மணி நேரத்தை வாரம் 8-ன்னு பரப்பினா ஏழு வாரம். வாரம் 16 கிடைக்குற இடத்துல 8 மட்டும்தான் எழுதினோம், மீதி எட்டு லேப் ரெக்கார்டுக்கும் தலைவலிக்கும். மலை சுத்துறதை மே மாசம் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே ஆரம்பிக்கணும், தேர்வாகுறவங்க அமைப்போட பழகன்னே வேலை தொடங்கறதுக்கு முன்னாடி சில வாரம் குடுக்குறாங்க. முதல் பேட்ச் ரெண்டாவது வாரமே மெயிலிங் லிஸ்ட்டுக்குப் போகணும், எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. பதில் வர ஒரு வாரம், திருத்தி அனுப்ப ஒரு வாரம், அடுத்த பதிலுக்கு இன்னொரு வாரம்னு அதுக்குத் தனி வரி. ஜூலையில கதவு மூடுற தேதியை சிவப்பு மையில போட்டோம். சித்தப்பாகிட்ட பயிற்சியை ஆகஸ்ட்டுக்குத் தள்ளி வெக்கச் சொல்லிப் பேசியிருக்கேன். “ரெண்டு அம்சம் இருந்தாத்தான் எடுப்பாங்கண்ணா”ன்னு அவனுக்கு இன்னும் சந்தேகம். இருக்கலாம். தேர்வு பண்றவங்க கையில இருக்குறது அது. எடுத்துட்டாங்கன்னா முடிக்க முடியுமாங்கிறதுதான் எங்க கையில இருக்கு.

எடுக்கலைன்னா? எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை எண்ட்லெஸ் வெகேஷன் ஆஃப் கோட்னு ஒண்ணு தொடங்கியிருக்காங்க. முடிவில்லாத லீவு. வடக்கத்திக் கோடையோட லீவு ஒத்துப்போகாத மாணவர்களை மனசுல வெச்சுப் போட்டது, வருஷத்துல எப்போ வேணாலும் ஆரம்பிக்கலாம். நம்ம காலண்டருக்குன்னே தெச்ச சட்டை மாதிரி இருக்கு, நம்ம பக்கம் பேச்சே காணோம். தாம்பரம், செங்கல்பட்டு லைன்ல யாராவது இதுல வேலை செஞ்சிருந்தா, எந்த மாசம் ஆரம்பிச்சீங்க, எத்தனை வாரம் இழுத்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பையனுக்குக் காட்டணும்.